குடும்பத்துல தொடர்ந்து வர்ற இதயத்தசை நோய்: ஜீன் ஆராய்ச்சி இதுல என்ன கண்டுபிடிச்சுது?

ஹார்ட் பிரச்சனைன்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது அடைப்பு தான். சுகர், கொழுப்பு, சிகரெட், ஆஞ்சியோ, ஸ்டென்ட்னு பேச்சு அப்படியே போகும். ஆனா ஆஞ்சியோ எடுத்தா ஒரு அடைப்பும் இருக்காது, பிரஷரும் இருக்காது, 20 வயசுலயோ 30 வயசுலயோ இதயத்தோட தசையே தடிச்சுப் போயிருக்கும், அப்படி ஒரு நோய் இருக்கு. அப்பா கிட்ட இருந்தோ அம்மா கிட்ட இருந்தோ ஜீன் வழியா பிள்ளைக்கு வர்ற நோய் இது. பேரு ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி, டாக்டருங்க சுருக்கமா ஹெச்சிஎம்னு சொல்வாங்க, நானும் அப்படியே எழுதறேன். இதோட வேர் எங்க இருக்குன்னு ஒரு கணவன் மனைவி ஆராய்ச்சியாளர் ஜோடி எப்படி கண்டுபிடிச்சாங்க, அதனால சாதாரண குடும்பத்துக்கு என்ன பிரயோஜனம், இது ரெண்டையும் தான் இங்க சொல்லப் போறேன்.

மொதல்ல நோய் என்னன்னு பாத்துடுவோம். இதயத்துல இடது கீழ் அறை தான் உடம்பு முழுக்க ரத்தத்த அழுத்தி அனுப்பற அறை. அதுக்கும் வலது கீழ் அறைக்கும் நடுவுல ஒரு தசைச் சுவர் இருக்கு. நல்லா இருக்கற ஒருத்தருக்கு எக்கோ, அதாவது ஒலி அலையால இதயத்தப் படம் பிடிக்கற ஸ்கேன், எடுத்தா அந்தச் சுவரோட தடிமன் சுமாரா 1 சென்டிமீட்டர் இருக்கும். ஹெச்சிஎம் இருந்தா அது 15 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர்னு போகும், சிலருக்கு 30 தாண்டியும் போகும். பிரஷரோ வால்வு சுருக்கமோ மாதிரி வேற காரணம் எதுவும் இல்லாம 15க்கு மேல இருந்தா ஹெச்சிஎம்னு சொல்றாங்க, குடும்பத்துல ஏற்கனவே ஒருத்தருக்கு இருக்குன்னா மத்தவங்களுக்கு 13 வந்தாலே டாக்டர் அத சும்மா விட மாட்டார்.

தசை தடிச்சா இதயம் பலமா இருக்கும்னு தான் தோணும், நடக்கறது வேற. தடிச்ச தசை அழுத்தமா சுருங்கும், ஆனா சரியா தளராது. தளர்ந்தா தானே ரத்தம் உள்ள வந்து நிரம்பும், அதனால மாடி ஏறினா மூச்சு வாங்கும், நெஞ்சு பிடிக்கும். சிலருக்கு அந்தத் தடிச்ச சுவர் ரத்தம் வெளிய போற வழிலயே துருத்திக்கிட்டு நிக்கும், பக்கத்துல இருக்கற வால்வோட இதழும் அந்தப் பக்கமா இழுபட்டு வழிய அடைக்கும், ஓடும்போதோ ஓடி முடிச்ச உடனேயோ மயக்கம் போட்டு விழறது இதனாலயும் நடக்கலாம். இன்னும் சிலருக்கு தசை நார்கள் ஒழுங்கா அடுக்கி இல்லாம குறுக்கும் நெடுக்குமா கிடக்கறதால மின் துடிப்பு தாறுமாறாகி இதயம் திடீர்னு நின்னுடும். 2003 ஜூன் 26, பிரான்ஸ்ல லியோன் நகரத்துல கான்ஃபெடரேஷன்ஸ் கப் அரையிறுதி, கேமரூன் அணிக்காக ஆடிக்கிட்டிருந்த மார்க் விவியன் ஃபோ மைதானத்துக்கு நடுவுல யாரும் இடிக்காமலே சரிஞ்சு விழுந்து இறந்துட்டார். வயசு 28. பிரேதப் பரிசோதனைல தெரிஞ்சது இந்த நோய் தான். எல்லாருக்கும் இப்படி ஆகாது, இத அழுத்திச் சொல்லணும், ஹெச்சிஎம் இருக்கற நிறைய பேர் எந்தத் தொந்தரவும் இல்லாம வயசாகி வாழறாங்க. ஆனா யாருக்கு ஆகும்னு தெரிஞ்சுக்கறதுக்கு மொதல்ல நோய் இருக்கறதே தெரியணும்ல.

இது அபூர்வமான நோயும் கிடையாது. அமெரிக்காவுல சுமார் 4,000 இளம் வயசுக்காரங்களுக்கு எக்கோ எடுத்துப் பாத்து 1995ல வெளியிட்ட ஆய்வுல 500 பேருக்கு 1ங்கற கணக்கு வந்துச்சு. அதுல பெரும்பாலானவங்களுக்கு தங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

இப்ப ஆராய்ச்சிக் கதைக்கு வர்றேன். 1958ல லண்டன்ல டொனால்ட் டியர்னு ஒரு டாக்டர், பிரேதப் பரிசோதனை பண்றவர், இளம் வயசுக்காரங்க 8 பேரோட இதயத்த ஆராய்ஞ்சு, சுவர் ஒரு பக்கமா மட்டும் தடிச்சிருக்கறத விவரமா எழுதினார். நவீன மருத்துவத்துல இந்த நோயோட கணக்கு அங்க இருந்து தான் தொடங்குதுன்னு சொல்லலாம். கொஞ்ச நாள்ல கனடாவுல இருந்து இன்னொரு முக்கியமான கட்டுரை வந்துச்சு. கியூபெக் மாகாணத்துல கோட்டிகுக்னு ஒரு சின்ன ஊர், அங்க பிரெஞ்சு பேசற ஒரு பெரிய குடும்பத்துல தலைமுறை தலைமுறையா சின்ன வயசுலயே ஆளுங்க திடீர் திடீர்னு செத்துக்கிட்டிருந்தாங்க. டாக்டர் பாரேங்கறவர் அந்தக் குடும்பத்த ஒவ்வொருத்தரா விசாரிச்சு, பரிசோதிச்சு, 1961ல எழுதினார். யாருக்கு நோய் இருக்கோ அவங்க பிள்ளைங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் வருது, ஆணா பொண்ணாங்கற வித்தியாசமே இல்லன்னு அதுல தெரிஞ்சுது.

அந்த மாதிரி கட்டுரைகள்ல ஒரு படம் இருக்கும், குடும்ப மர வரைபடம். கட்டம் போட்டா ஆண், வட்டம் போட்டா பெண், உள்ள கறுப்பு அடிச்சிருந்தா நோய் இருக்கு, குறுக்க ஒரு கோடு இழுத்திருந்தா இறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஒரே பக்கத்துல தாத்தாவுக்குக் கோடு, அவரோட பிள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேருக்குக் கோடு, பேரனுக்குக் கோடுன்னு வரிசையா பாக்கறப்போ அது வெறும் சயின்ஸ் படமா தெரியாது. எனக்கு இந்த விஷயத்துல அக்கறை வந்ததே அப்படி ஒரு படத்தப் பாத்து தான்.

இதுக்கு அப்புறம் ஒரு 25 வருஷத்துக்கு மேல வேர் என்னன்னு யாருக்கும் தெரியல. குடும்பத்துல வருதுன்னு தெரியும், எந்த ஜீன்னு தெரியாது. அமெரிக்காவுல பாஸ்டன்ல ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரில கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன்னு கணவன் மனைவி. அந்தம்மா இதய டாக்டர், அவர் ஜீன் ஆராய்ச்சியாளர். அவங்க குழு தேடிப் போனது அதே கோட்டிகுக் குடும்பத்தோட அடுத்தடுத்த தலைமுறைய. அந்த ஆளுங்க கிட்ட எக்கோ எடுத்து, ரத்தம் வாங்கி, டிஎன்ஏ பிரிச்சாங்க.

அப்ப இன்னிக்கு மாதிரி மொத்த டிஎன்ஏவையும் மெஷின்ல போட்டுப் படிக்கற வசதி கிடையாது. அவங்க கையில இருந்த வழி இது தான். நம்ம குரோமோசோம்கள்ல அங்கங்க ஆளுக்கு ஆள் வேறுபடற இடங்கள் இருக்கு, அத அடையாளமா வச்சுக்கலாம். தாத்தாவோட ஒரு குரோமோசோம்ல இருக்கற ஒரு அடையாளம், நோய் வந்த பிள்ளைங்க எல்லாருக்கும் வந்திருக்கு, நோய் வராத பிள்ளைங்களுக்கு வரலன்னா, நோய்க்குக் காரணமான ஜீனும் அந்த அடையாளத்துக்கு ரொம்பப் பக்கத்துல தான் இருக்கணும், ஏன்னா பக்கத்துல பக்கத்துல இருக்கறது சேர்ந்தே தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். இதுக்கு பெரிய குடும்பம் வேணும், நிறைய பேர் சம்மதிச்சு ரத்தம் குடுக்கணும், யாருக்கு நோய் யாருக்கு இல்லன்னு தப்பில்லாம தெரிஞ்சிருக்கணும், ஒரு ஆளுக்குத் தப்பா குறிச்சா கூட கணக்கு கெட்டுடும். அதனால தான் சொல்றேன், இந்தக் கண்டுபிடிப்புல பாதி லேப்ல நடந்துதுன்னா மீதிப் பாதி அந்தக் குடும்பம் குடுத்தது. 1989ல அந்த ஜீன் 14வது குரோமோசோம்ல இருக்குன்னு குறிச்சாங்க. 1990ல அது என்ன ஜீன்னே தெரிஞ்சுது, எம்ஒய்ஹெச்7. மயோசின்ங்கற புரதத்த எப்படிக் கட்டணும்னு சொல்ற ஜீன். அந்தப் புரதம் 1,935 அமினோ அமிலம் கோர்த்த ஒரு நீளச் சங்கிலி, அதுல 403வது இடத்துல ஆர்ஜினின் இருக்க வேண்டிய எடத்துல குளுட்டமின் வந்துடுச்சு. டிஎன்ஏங்கறது ரசாயன எழுத்துகளோட நீள வரிசை, அதுல மாறினது ஒரே ஒரு எழுத்து. அத்தன சாவுக்கும் காரணம் அந்த ஒரு எழுத்து.

மயோசின் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா மத்தது எல்லாம் புரிஞ்சுடும். இதயத்தசைக்குள்ள ஆக்டின்னு ஒரு மெல்லிய இழை, மயோசின்னு ஒரு தடிச்ச இழை. மயோசின்ல இருந்து நிறைய தலைகள் நீட்டிக்கிட்டிருக்கும், அது ஆக்டினப் பிடிச்சு இழுக்கும், விடும், மறுபடி பிடிச்சு இழுக்கும், தசை சுருங்கறதுங்கறது இது தான். தேர் இழுக்கறத நெனச்சுக்கோங்க, வடத்தப் பிடிச்சிருக்கற எல்லாரும் எந்நேரமும் முழு பலத்தோட இழுக்க மாட்டாங்க, ஒரு கூட்டம் இழுக்கும் ஒரு கூட்டம் கைய தளர்த்தி ஓய்வுல இருக்கும். மயோசின் தலைகளும் அப்படித்தான், ஒரு பங்கு மடங்கி ஓய்வுல இருக்கும், அதனால சக்தி மிச்சமாகும். ஹெச்சிஎம் உண்டாக்கற பல ஜீன் மாற்றங்கள்ல என்ன ஆகுதுன்னா, ஓய்வுல இருக்க வேண்டிய தலைகளும் எழுந்து வந்து இழுக்க ஆரம்பிச்சுடுது. இதயம் தேவைக்கு மேல சுருங்குது, தளர முடியாம தவிக்குது, சக்தி வீணாகுது. வருஷக்கணக்குல இப்படியே போய் தசை தடிக்குது.

எம்ஒய்ஹெச்7க்கு அப்புறம் வரிசையா மத்த ஜீன்களும் கெடச்சுது. 1994ல ட்ரோபோனின், ட்ரோபோமயோசின், 1995ல எம்ஒய்பிபிசி3. இந்தக் கடைசி ஜீன் மயோசின் தலைகள அடக்கி வைக்கற ஒரு புரதத்த உண்டாக்குது, அது கொறஞ்சா தலைகள் அடங்காது. எல்லாமே சுருங்கற எந்திரத்தோட பாகங்கள், அதனால ஹெச்சிஎம்ங்கறது அந்த எந்திரத்தோட நோய்னு ஒரு தெளிவு வந்துச்சு. ஜீன் தெரிஞ்ச நோயாளிங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எம்ஒய்ஹெச்7, எம்ஒய்பிபிசி3 இந்த ரெண்டுல ஒண்ணு தான் இருக்கு.

ஜீன் தெரிஞ்சா மருந்து வந்துடுமான்னு கேப்பாங்க. வரும், ஆனா நேரம் எடுக்கும். சைட்மன் குழு 1996ல அதே 403வது மாற்றத்த எலிக்கு வச்சுப் பாத்தாங்க, எலிக்கும் இதயம் தடிச்சுது. அப்புறம் 2012ல கிறிஸ்டின் சைட்மன் இன்னும் சில விஞ்ஞானிகளோட சேர்ந்து மயோகார்டியான்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அங்க உருவான மருந்து தான் மாவகாம்டென். அது அதிகமா வேலை செய்யற மயோசின் தலைகள மறுபடி ஓய்வுக்கு அனுப்புது. 2020ல 251 பேர வச்சு நடத்தின பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு, வழி அடைச்சிருக்கற நோயாளிங்களுக்கு அடைப்போட அழுத்தம் கொறஞ்சுது, நடக்கற சக்தி கூடுச்சு. 2022 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. 1990ல ஒரு எழுத்து, 2022ல ஒரு மாத்திரை, நடுவுல 32 வருஷம். அந்த மாத்திரையும் இதயத்தோட சுருங்கற சக்தியக் கொறைக்கறதால அளவு கூடினா ஆபத்து, அடிக்கடி எக்கோ எடுத்துக்கிட்டே தான் சாப்பிடணும். விலையும் சாதாரண குடும்பம் நெனச்சுப் பாக்கற விலை இல்ல, அமெரிக்காவுல வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தர்ற விஷயம். மத்தபடி இதயத் துடிப்ப மெதுவாக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை, தடிச்ச சுவரக் கொஞ்சம் வெட்டி எடுக்கற ஆபரேஷன், திடீர் மரண ஆபத்து உள்ளவங்களுக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில வைக்கற ஷாக் குடுக்கற கருவி, இதெல்லாம் பல வருஷமா இருக்கு, நல்லா வேலையும் செய்யுது.

இதுல நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு, இத நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதப் பத்தி பாதி மட்டும் தெரிஞ்சு பயந்தவங்க நிறைய. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணின பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்ல இருக்கற சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தோட குமாரசாமி தங்கராஜ், இன்னும் பல பேர் சேர்ந்து 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. எம்ஒய்பிபிசி3 ஜீன்ல 25 எழுத்து ஒட்டுமொத்தமா காணாமப் போன ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்துல சுமார் 100 பேர்ல 4 பேருக்கு இருக்கு, இதய நோயாளிங்க கிட்ட இது அதிகமா தென்படுதுன்னு சொன்னாங்க. இந்தியா முழுக்க 107 சமூகங்கள்ல இருந்து 6,000க்கு மேல ஆளுங்களப் பாத்திருந்தாங்க. இலங்கை, பாகிஸ்தான், மலேசியாவுலயும் இது இருக்கு, உலகத்துல மத்த எடங்கள்ல பெருசா இல்ல. சுமார் 33,000 வருஷத்துக்கு முன்னாடி உண்டாகியிருக்கலாம்னு கணிச்சாங்க. பிள்ளை பெத்து முடிச்ச வயசுக்கு அப்புறம் தான் பாதிப்பு வருதுங்கறதால இது தலைமுறை தாண்டி நிக்குதுங்கறது அவங்க விளக்கம். அப்ப பேப்பர்கள்ல வந்த செய்திகளப் பாத்தா கோடிக்கணக்கான இந்தியர்களுக்கு மாரடைப்பு நிச்சயம்ங்கற மாதிரி இருந்துச்சு. மொதல்ல இது மாரடைப்பே கிடையாது, தசை நோய்.

அடுத்து வந்தது தான் முக்கியம். 4 சதவீதம் பேருக்கு இருக்கு, ஆனா ஹெச்சிஎம் 500ல 1 தான்னா கணக்கு இடிக்குதே? அப்ப இந்த மாற்றம் இருக்கற பெரும்பாலானவங்க நல்லாத்தானே இருக்காங்க? இந்தக் கேள்விய ஆராய்ச்சியாளர்களே விடல. அமெரிக்காவுல இருக்கற சக்திவேல் சடையப்பன் குழு 2018ல, இந்த 25 எழுத்து மாற்றம் உள்ளவங்கள்ல ஒரு சின்ன பங்கினருக்கு அதே ஜீன்ல கூடவே இன்னொரு மாற்றமும் இருக்கு, அவங்களுக்குத் தான் இதயம் அதிகமா சுருங்குதுன்னு காட்டுச்சு. 2020ல ஆக்ஸ்ஃபோர்ட் குழு இன்னும் ஆழமாப் போய், கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற வேற ஒரு அரிய மாற்றம் தான் உண்மையான காரணம், அது இல்லாம இந்த 25 எழுத்து மட்டும் இருந்தா ஹெச்சிஎம் ஆபத்து பெருசா கூடலன்னு சொன்னாங்க. மேல சொன்ன அதே தத்துவம் தான், பக்கத்துல பக்கத்துல இருக்கறது சேர்ந்தே போகும், குற்றவாளி ஒருத்தனா இருக்க கூட நின்னவன் மாட்டிக்கிட்டான். இதனால 2009 ஆய்வு வீண்னு நான் சொல்ல மாட்டேன், அது இல்லன்னா நம்ம மக்களோட ஜீன இந்த அளவுக்கு யாரும் தோண்டிப் பாத்திருக்கவே மாட்டாங்க. ஆனா யாராவது உங்க ஜீன் ரிப்போர்ட்ல இந்த 25 எழுத்து மாற்றம் மட்டும் வந்திருக்குன்னு காட்டிப் பயமுறுத்தினா, கூட வேற எதுவும் இருக்கா, எக்கோ எப்படி இருக்குன்னு கேளுங்க.

சரி, வீட்டுல ஒருத்தருக்கு ஹெச்சிஎம்னு சொல்லிட்டாங்க, அடுத்து என்ன? அவரோட அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுக்கணும். ஜீன் டெஸ்ட் அப்புறம் கூட பாத்துக்கலாம், இந்த ரெண்டும் உடனே எடுக்கணும். நோய் இருக்கறவரோட ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஜீன் வர்ற வாய்ப்பு சரிபாதி, மூத்தவனுக்கு வந்துடுச்சு அதனால சின்னவளுக்கு வராதுங்கற கணக்கு கிடையாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா சரிபாதி. எக்கோ இன்னிக்கு நல்லா இருந்தாலும் அதோட முடிஞ்சுடாது, ஏன்னா தடிப்பு பெரும்பாலும் வளர்ற வயசுலயோ அதுக்கும் அப்புறமோ தான் தெரியும், அதனால பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ, பெரியவங்களுக்கு மூணுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ பாக்கச் சொல்வாங்க.

ஜீன் டெஸ்ட் எடுக்கறதுன்னா மொதல்ல நோய் இருக்கறவருக்குத் தான் எடுக்கணும், நல்லா இருக்கறவருக்கு இல்ல. இத நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. நோயாளியோட ஜீன்ல எந்த எழுத்து தப்புன்னு தெரிஞ்சா தான் மத்தவங்களுக்கு அந்த ஒரு எடத்த மட்டும் பாத்து உண்டு இல்லன்னு சொல்ல முடியும். நோயாளிக்கு எடுத்தும் ஒண்ணும் கெடைக்காமப் போறதும் நிறைய நடக்குது, அப்படின்னா நோய் இல்லன்னு அர்த்தமாகாது, நமக்குத் தெரிஞ்ச ஜீன்கள்ல இல்லன்னு தான் அர்த்தம், அந்தக் குடும்பம் எக்கோவ நம்பியே போகணும்.

நம்ம ஊர்ல இதுல ரெண்டு சிக்கல் தனியா இருக்கு. ஒண்ணு சொந்தத்துல கல்யாணம். மாமா பொண்ணு, அத்தை பையன்னு கட்டும்போது ரெண்டு பேருக்குமே அதே மாற்றம் இருக்கற வாய்ப்பு கூடுது, பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் கெட்ட பிரதி வந்துட்டா நோய் கைக்குழந்தையிலயே கடுமையா வரலாம். அமெரிக்காவுல ஓஹையோல தங்களுக்குள்ளேயே கட்டிக்கற அமிஷ் சமூகத்துல எம்ஒய்பிபிசி3 மாற்றம் ரெண்டு பிரதியா வந்த குழந்தைங்களுக்கு இப்படி ஆனது பதிவாகியிருக்கு. அதனால குடும்பத்துல ஹெச்சிஎம் இருக்குன்னா சொந்தத்துல முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜீன் ஆலோசகர் கிட்டயோ, இத நல்லா தெரிஞ்ச இதய டாக்டர் கிட்டயோ பேசிடுங்க.

இன்னொண்ணு, மறைக்கறது. பொண்ணுக்கு கல்யாணம் ஆகாதுன்னு பயந்து, அண்ணன் திடீர்னு செத்தது எதனாலன்னு வெளிய சொல்லாம விட்டுடறாங்க. அந்தப் பயம் எங்க இருந்து வருதுன்னு எனக்குப் புரியுது, அத லேசா பேச நான் தயாரா இல்ல. ஆனா பெரியப்பா வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துல கபடி ஆடறான், அவனுக்கு இந்த விஷயம் தெரியாது. பொண்ணு விஷயத்துலயும், ஹெச்சிஎம் இருக்கற பெரும்பாலான பெண்கள் டாக்டர் கண்காணிப்புல நல்லபடியா பிள்ளை பெத்துக்கறாங்க, கல்யாணமே கூடாதுங்கற நோய் இது கிடையாது. சின்ன வயசு சாவு, தண்ணில திடீர்னு மூழ்கினது, காரணம் தெரியாத வலிப்புன்னு குடும்பத்துல பழசா என்ன இருந்தாலும் டாக்டர் கிட்ட சொல்லுங்க, டாக்டர் உக்காந்து அந்தக் கட்டமும் வட்டமும் போடறதுக்கு அந்தத் தகவல் தான் வேணும்.

ஜீன் ரிப்போர்ட் கையில இருந்தா அந்த மாற்றத்தோட முழுப் பேரு எழுதியிருக்கற பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து சித்தப்பா, அத்தை வீடுகளுக்கும் குடுத்துடுங்க. அவங்க லேப்ல அந்த ஒரு எடத்த மட்டும் பாத்தா போதும், செலவும் கம்மி. அதுல இல்லன்னு வந்த பிள்ளைக்கு வருஷா வருஷம் எக்கோ தேவை இல்ல, விளையாட்டுக்கும் இதனால தடை இல்ல, அவங்க வழியா இந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகாது. ரிப்போர்ட்ல அர்த்தம் தெளிவா தெரியலன்னு எழுதியிருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அதே லேப் கிட்டயோ டாக்டர் கிட்டயோ மறுபடி கேளுங்க, 25 எழுத்து விஷயத்துல ஆன மாதிரி முடிவு மாறலாம்.